காலர் கணக்கு

காஜியாரின் அலுவலகத்தில் இருபது வருஷமாக எழுத்தர் அவர். எந்தத் தலாக் எந்தத் தேதியில் நடந்தது என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்வார். அதனால் எல்லோருக்கும் அவர் 'ரிஜிஸ்டர்'. சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் ஒரு பெண்ணுக்கு, வயிற்றில் பிள்ளை இருந்தபோது தலாக் ஆனது. பிள்ளை பிறக்கும் வரை இத்தா என்ற காத்திருப்புக் காலம். அதுவரை அவள் செலவு புருஷன் பொறுப்பு. கொடுத்தான். குழந்தை பிறந்த மறுவாரமே ரிஜிஸ்டர் சிவப்பு மையில் 'ஜீவனாம்சம் முடிந்தது' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். வாடகை பாக்கி, பால்குடிக்கிற பிள்ளையை விட்டு வேலைக்குப் போகவும் வழியில்லை. பழைய புருஷனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அதான் முடிஞ்சிருச்சேம்மா," என்று ரிஜிஸ்டர் சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

"என் செலவு முடிஞ்சிருச்சு, சரி. அவர் புள்ளைக்கு நான் பால் குடுக்கறேனே, அதுக்குக் கூலி?"

புருஷனுக்குச் சுர்ரென்று ஏறியது. "பெத்த புள்ளைக்குப் பால் குடுக்கக் கூலியா? ஊரே சிரிக்கும்!"

ரிஜிஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. காஜியார் சிரிக்கவில்லை.

"குர்ஆன்லயே இருக்குப்பா. பிரிஞ்சவ உங்க புள்ளைக்குப் பாலூட்டினா, அவ கூலியைக் குடுத்துடுங்கன்னு. எவ்வளவும்மா கேக்கற?"

"ஒரு தடவ பால் குடுக்கற நேரத்துல ஆறு காலர் தைப்பேன், ஹஜ்ரத். ஒரு நாளைக்கு எட்டுத் தடவ. கம்பெனி கூலியே போதும்."

 கடைசியில் புருஷன் கையெழுத்துப் போட்டான், இரண்டு வருஷத்துக்கு.

ரிஜிஸ்டர் ஏட்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்த வசனத்தை எத்தனை முறை ஓதியிருப்பார்! இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அதில் ஒரு பெண்ணின் உழைப்பு அவர் கண்ணில் படவில்லை. தன் சிவப்பு வரியைத் தானே அடித்தார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். மனைவி தட்டு வைத்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள். ஒரு பிள்ளைக்கு இரண்டு வருஷம், நாளைக்கு எட்டுத் தடவை, எட்டுக்கு நாற்பத்தெட்டு காலர் என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டே போனவருக்குப் பாதியில் தலை சுற்றியது.

"என்ன, சோத்தைப் பாக்காம என்னையே பாக்கறீங்க?"

ரிஜிஸ்டர் எழுந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ உக்காரு. நான் போடறேன்."