இரண்டு தலையணைக்கு ஒரு சொல்

என் கலியாணத்துக்கு நானே பூவேலை செய்த தலையணை உறைகள் இரண்டு. ஒன்றில் 'குட்', மற்றதில் 'நைட்'. நீல நூலில், இங்கிலீசு எழுத்தில். அறுபதுகளில் அப்படித்தான் வழக்கம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஊசி பிடித்தால் உடுப்பிட்டியில் எனக்கு நிகர் ஒருத்தியும் இல்லை. இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது. சொன்னவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். கந்தோரில் கிளாக்கராயிருந்த அத்தான், என் அக்காவின் புருசன், கடதாசியில் எழுதித் தந்தார். இரண்டு வட்டம் உள்ளது இடப்பக்கம், ஏணி போன்ற எழுத்துள்ளது வலப்பக்கம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு தைத்தேன்.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்க அத்தானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பிள்ளை, உது ஒரே சொல்லாக்கும். பிரிச்சுப் போட்டால் மாப்பிள்ளை சிரிப்பார்."

மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை. இங்கிலீசு படித்தவர் என்று தரகர் சொல்லியிருந்தார். என் பயமே அதுதான். படிப்பில்லாத என்னை அந்த மனிசன் மதிப்பாரா? மறுநாள் அத்தான், "இல்லைப் பிள்ளை, ரெண்டுதான்" என்றார். அதற்கடுத்த நாள் மறுபடியும் ஒன்று. கடைசியில், "நடுவிலை ஒரு கோடு போடு, ரெண்டு பக்கத்துக்கும் பொது" என்று தீர்ப்பானது. பாதிக் கோட்டை ஓர் உறையின் ஓரத்திலும் மீதியை மற்றதன் ஓரத்திலும் தைத்தேன். தலையணைகளை நெருக்கி வைத்தால் கோடு பொருந்தும்.

கலியாணத்துக்கு மறுநாள் காலை தேத்தண்ணியோடு அறைக்குள் போனேன். இவர் கட்டிலை அழகாக விரித்துத் தலையணைகளை அடுக்கியிருந்தார். ஏணி இடப்பக்கம், வட்டங்கள் வலப்பக்கம். கோட்டின் துண்டுகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி இருந்தன.

நான் ஒற்றைக் கையாலேயே இடம் மாற்றி வைத்தேன். இவர் முகம் வெளிறிப்போனது.

"மாறிப்போச்சோ? எனக்கு உது வாசிக்கத் தெரியாது. தரகர் சொன்ன பொய். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

எனக்கு வந்த சந்தோசத்தில், கோப்பையை இவரிடம் நீட்டும்போது தேத்தண்ணியைப் பாதி தரைக்கே வார்த்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வாசலில் வந்து நின்றார். "தம்பி, படிச்ச நீர் சொல்லும். உது ஒண்டோ, ரெண்டோ?"

இவர் கோப்பைக்குள் விடை தேடினார். நான் முந்திக்கொண்டேன். "பக்கத்திலை பக்கத்திலை இருந்தால் ஒண்டாம் அத்தான், கோவிச்சால் ரெண்டாம். இப்பதான் இவர் சொன்னவர்."

"அது படிப்பு!" என்றார் அத்தான். சாகும்வரை அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இங்கிலீசில் ஏதும் கடிதம் வந்தால் முதலில் என்னிடம்தான் நீட்டுவார். நானும் கண்ணாடியைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆறுதலாகத் திருப்பிப் பார்த்து, "பெரிசாய் ஒண்டுமில்லை, மகளிட்டைக் குடுங்கோ" என்பேன்.