பொருட்காட்சிக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை

தேதி தெரியாத எதையும் எழுதி வைக்க எனக்குக் கை வராது. இந்த ஒன்றுக்கு மட்டும் தேதி இல்லாமலேயே எழுத வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கம் என்பது உறுதி. நான் நான்காம் வகுப்பு. தம்பிக்கு ஐந்து வயது, இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. சென்னையில் பொருட்காட்சி டிசம்பரில் தொடங்கிப் பொங்கலை ஒட்டி நடக்கும். பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை கூடும். வெள்ளிக்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் சந்தையில் நின்றேன் என்றால் அது அரைப் பரீட்சை விடுமுறை. வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் நிறம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே டிசம்பரின் கடைசி வெள்ளி. இல்லையென்றால் ஜனவரியின் முதல் வெள்ளி. இதற்கு மேல் நெருங்க முடியவில்லை. தம்பியைக் கேட்டால், சந்தைக்குப் போனதே ஞாபகம் இல்லை என்கிறான்.

குரோம்பேட்டையில், அஸ்தினாபுரம் போகும் சாலையில் குடியிருந்தோம். வடக்கே அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம், தெற்கே அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். அப்பாவுக்குப் பாரிமுனையில் குமாஸ்தா வேலை. அம்மா டீச்சர், அந்த வருஷம் நீண்ட லீவில் இருந்தாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா பகலில் வீட்டில் இருப்பது எங்களுக்குக் கிடைத்த லாபம், அவ்வளவுதான். சாயங்காலமானால் அவளுக்கு உடம்பு சுடும். இருமல் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அவளுடைய தட்டும் டம்ளரும் மட்டும் தனியாகச் சமையலறை ஜன்னலில் இருக்கும். டீச்சர்களுக்கெல்லாம் தனித் தட்டு என்று நான் தம்பிக்கு விளக்கம் சொல்லி வைத்திருந்தேன்.

பொருட்காட்சிச் செய்தியைக் கொண்டுவந்தது மாமா. அம்மாவின் தம்பி; மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தில் வேலை பார்த்தார்.

"ராட்டினம்னா இது ராட்டினம். உச்சிக்குப் போனா கடலே தெரியுது. அப்பளம் ஒண்ணு போடுறான் பாரு, அதுல இவனை வெச்சு சுருட்டிடலாம்."

"மூச்சு முட்டுமே மாமா," என்றான் தம்பி.

"அதனாலென்ன, உள்ளேருந்து தின்னுக்கிட்டே வெளிய வா."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போகலாம் என்று அப்பா சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள்.

"பசங்க இன்னும் ரெடியாகலை."

"பொருட்காட்சிக்கு என்னம்மா ரெடி? சின்னவன் அழுதா நான் தூக்கிக்கிறேன்."

"எத்தனை நாளைக்குத் தூக்குவீங்க?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். பொருட்காட்சி ஒரே ஒரு சாயங்காலம்தானே, எதற்கு நாள் கணக்கு என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கு அது தோன்றாதது வியப்பாக இருந்தது.

மறுநாள் அம்மா எங்களை எதிரே உட்கார வைத்து, டீச்சர் குரலில் நிபந்தனைகளைச் சொன்னாள். தம்பி தன் கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். தானே குளிக்க வேண்டும். தானே சட்டைப் பொத்தான் போட வேண்டும். அம்மாவின் முந்தானையைப் பிடிக்காமல் தூங்க வேண்டும். நான் கண்ணாடி பார்த்து எனக்கு நானே சடை பின்ன வேண்டும்; உலை கொதித்தால் அரிசி போட்டு வடிக்கத் தெரிய வேண்டும். கடைசியாக, கூட்டத்தில் தனியாக விட்டால் ரெண்டு பேரும் அழாமல் நிற்க வேண்டும்.

"ரெண்டு பேரும் பாஸானாதான் போறது. ஒருத்தர் ஃபெயிலானாலும் யாரும் போகலை."

ராட்டினத்துக்கும் ரசம் சாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பொருட்காட்சியில் பசித்தால் யார் ஊட்டுவார்கள் என்றாள். உலைக்கு? அதற்கும் ஏதோ சொன்னாள். டீச்சர் கேள்வித்தாளில் எதையும் கேட்கலாம் என்பது எனக்குப் பழகிய விஷயம், ஒப்புக்கொண்டேன். என் கவலை வேறு. என் ராட்டினம், தரையெல்லாம் சோறு சிந்துகிற ஒருவன் கையில் இருந்தது.

அதனால் நான் அம்மாவைவிடக் கடுமையான வாத்தியாரானேன். பொத்தான் மாறிப் போட்டால் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொன்னேன். கண்ணில் சோப்பு பட்டு அலறியபோது, கதவுக்கு வெளியே நின்றபடி, "கடல் தெரியணுமா வேணாமா?" என்று கேட்டேன். அம்மாவும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கதவின்மேல் கை வைத்திருந்தாள், திறக்கவில்லை.

முந்தானைதான் கஷ்டமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அதன் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டுதான் அவன் தூங்குவான். அம்மா தன் பாயைக் கூடத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டாள். பழைய புடவை ஒன்றைக் கொடுக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, "என் துணி வேணாம்," என்று சட்டென்று சொன்னாள். எவ்வளவு கறாரான பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன். தம்பி சில நாள் தன் சட்டை நுனியைச் சுற்றிப் பார்த்தான். பிறகு எதையும் சுற்றாமல் தூங்கக் கற்றுக்கொண்டான்.

கடைசிப் பரீட்சை அந்த வெள்ளிக்கிழமை. ரயிலில் பல்லாவரம் போனோம். சந்தை எப்போதும் போல நெரிசலாக இருந்தது. கோழிக்கூடை, பழைய இரும்பு, மண்சட்டி, நாற்றுச் செடி என்று ஒன்றன்மேல் ஒன்றாக இடித்துக்கொண்டு கிடந்தன. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு அம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள். தம்பியின் கையை என் கையில் கொடுத்தாள்.

"இங்கேயே நில்லுங்க. நான் போயிட்டு வரேன். எவ்வளவு நேரமானாலும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வரலையேன்னு அழக் கூடாது."

போனாள். மண்சட்டிக் குவியல் வரைக்கும் அவள் புடவை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

வெயில் ஏறியது. கூட்டம் எங்களைத் தள்ளியது. தள்ளியவரைப் போகவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றோம். தம்பியின் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. அவன் கீழுதடு நடுங்குவதைப் பார்த்தேன்.

"கடல்," என்றேன் மெதுவாக.

"தெரியும், சும்மா இரு," என்றான்.

வெள்ளரிக்காரம்மா எங்களையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா கண்ணு, எம்மா நேரமா நின்னுகினு கீறீங்க. உங்கம்மா எங்க?"

"வருவாங்க," என்றான் தம்பி.

"வூடு எங்க கீது? காணாம போய்ட்டியா?"

"நாங்க காணாம போகலை. அம்மா இங்கேயே நிக்கச் சொன்னாங்க. எவ்வளவு நேரமானாலும் வருவாங்க."

"சரியான பெரிய மனுசன்டா நீ," என்று சொல்லி, ஒரு பிஞ்சை நீளவாக்கில் பிளந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தின்னவில்லை. அம்மா வந்து சொன்னால்தான் தின்னலாம் என்று பிடித்துக்கொண்டே நின்றான். உப்பு கரைந்து முழங்கை வரை ஒழுகியது.

அம்மா நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து, செடி விற்கிறவனின் தட்டி மறைவிலிருந்து வந்தாள். முழுநேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். முகம் வீங்கி, கண் சிவந்து, மூக்கு நுனி ஈரமாக இருந்தது.

"பாஸா அம்மா?" என்று கேட்டேன்.

"பாஸ்," என்றாள்.

"ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும்."

நான் அந்த இடத்திலேயே குதித்தேன். தம்பி வெள்ளரிப்பிஞ்சைத் தின்னத் தொடங்கினான். திரும்புகிற ரயிலில் அம்மா எங்களோடு உட்காராமல் எதிர் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர், பிள்ளைகள் தேறியதற்கு ஏன் அழ வேண்டும் என்று யோசித்தேன். குரோம்பேட்டை வந்துவிட்டது, யோசனை நின்றுவிட்டது.

பொருட்காட்சிக்கு அம்மா வரவில்லை. அப்பாதான் அழைத்துப் போனார். ராட்டினத்தின் உச்சியில் தம்பி கண்ணை இறுக்க மூடிக்கொண்டதால் கடலை நான் மட்டும்தான் பார்த்தேன். மாமா சொன்ன அளவுக்கு அப்பளம் பெரிதாக இல்லை. திரும்பும்போது தம்பி அப்பாவின் தோளில் எதையும் பிடிக்காமல் தூங்கினான். வாசலில் நின்ற அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

"அழுதானா?"

"இல்லை," என்றார் அப்பா.

பொங்கல் முடிந்த கையோடு சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இடம் கிடைத்தது. அதற்காகத்தான் அப்பாவும் அம்மாவும் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெட்டியோடு கிளம்பும்போது அம்மா புதிதாக எதுவும் சொல்லவில்லை. எங்களைத் தொடவும் இல்லை. "இங்கேயே இருங்க. நான் போயிட்டு வரேன்," என்றாள். தம்பிக்கு அந்த வாக்கியம் பழக்கமானது. தலையை ஆட்டினான். அழுதது அப்பா மட்டும்தான். அவருக்கு யாரும் பரீட்சை வைத்திருக்கவில்லை.

அந்த வருஷம் நான் சடை பின்னிக்கொண்டேன். சோறு வடித்தேன். தம்பி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, தானே பொத்தான் போட்டுக்கொண்டு போனான். மாதத்துக்கு ஒருமுறை அப்பா எங்களை அடுத்த ஸ்டேஷனில் இறக்கி அழைத்துப் போவார். மரங்களுக்கு அப்பால் ஒரு வராந்தாவிலிருந்து அம்மா கையசைப்பாள். நாங்கள் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டோம்.

அடுத்த அரைப் பரீட்சை விடுமுறைக்கு முன்பே அம்மா குணமாகி வந்துவிட்டாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஜன்னலிலிருந்த தட்டு எங்கள் தட்டுகளோடு சேர்ந்துவிட்டது. விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை அவளே கேட்டாள், சந்தைக்குப் போகலாமா என்று.

அதே நெரிசல்தான். வெள்ளரிக்காரம்மா இருந்த இடத்தில் யாரோ பூண்டு குவித்து வைத்திருந்தார்கள். அங்கே வந்ததும் அம்மா நின்று, தம்பியின் பக்கம் கையை நீட்டினாள்.

அவன் இரண்டு கைகளையும் டிராயர் பைக்குள் விட்டிருந்தான். நீட்டிய கையைப் பார்த்தான்.

"வேணாம்மா. நான்தான் பாஸாயிட்டேனே," என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அம்மா கையை மடக்கவில்லை. நீட்டியபடியே சற்று நேரம் நின்றாள். எனக்குக் காய்கறிப் பை கனத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கை சும்மாதானே இருக்கிறது என்று அதில் பையை மாட்டிவிட்டு, தம்பியின் பின்னால் ஓடினேன்.