எலிசபெத்துக்கு வந்த பராக்கு

என் மனைவி எலிசபெத்துக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு கேப் அனுப்பும் வேலை. எந்த வண்டி எங்கே மாட்டிக்கொண்டது, எந்த டிரைவர் ஃபோனை எடுக்கவில்லை, யார் கேட்டில் நின்று கத்துகிறார்கள், எல்லாம் அவள் தலையில்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வண்டிகள் அவள் தலையைவிட்டு இறங்குவதில்லை.

அதனாலேயே செபிப்பதை நிறுத்திவிட்டாள். "முட்டி போட்டு கண்ண மூடினா ரவிக்குமார் வண்டி சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கிறதுதாங்க தெரியுது. இந்த லட்சணத்துல ஒரு செபம், அதை ஆண்டவர் வேற கேக்கணுமா?" என்றாள். கோயிலுக்கு வந்தாலும் உதடு அசையாது. அவள் கோபத்தையெல்லாம் நான் சமாளித்துவிடுவேன். அவள் அப்படிச் சுருங்கிப் போனதைத்தான் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தப் புத்தகம் அவள் கையில் சிக்கியது. தங்கவயலிலிருந்து ஜோகுபாளையத்துக்குக் குடிவந்தபோது என் அப்பா கொண்டுவந்த பெட்டியில் கிடந்தது அது. முதல் தாள்கள் போய்விட்டன. எழுதியவர் அந்தக் காலத்துச் சாமியார் ஒருவர் என்பது மட்டும் புரிந்தது. எங்கள் குடும்பத்தில் அதை அதுவரை ருசித்தது கரையான் மட்டும்தான். எலிசபெத் படித்ததோ கன்னட மீடியம். கோயில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் எழுத்தைப் பழகியவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு மதியம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இதைக் கேளுங்க! 'செபத்தில் பராக்கு உண்டானால் கலங்காதே. எழுந்து போகாதே. இருந்த இடத்திலேயே இரு. ஆண்டவர் சமீபமாயிருக்கிறார்.' பராக்குங்க! நாடகத்துல ராஜா வர்றதுக்கு முன்னாடி கூவுவாங்களே, பஹுபராக், பஹுபராக்னு!"

கன்னடத்தில் பராக்கு என்றால் ராஜா வருவதை அறிவிக்கும் குரல். அவளுக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். "தசரா ஊர்வலத்துல முன்னாடி குதிரை போவும், வண்டி போவும், பெரிய யானை பின்னாடிதானே வரும்? எனக்கு முன்னாடி கேப் வருது. அவ்ளோதான்!"

எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் மறுநாள் காலையில் அவள் மறுபடியும் முட்டி போட்டாள். "போப்பா ரவிக்குமார், வழி விடு, பின்னாடி ராஜா வர்றாரு" என்று முணுமுணுத்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். வீடே மலர்ந்துவிட்டது. நான் வாயைத் திறப்பேனா?

அடுத்த மாதம் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எலிசபெத் புத்தகமும் கையுமாக எழுந்து, பஹுபராக், யானை, கேப் என்று அத்தனையையும் கொட்டித் தீர்த்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், பக்கத்துத் தெரு சௌம்யாவைத் தவிர. சௌம்யா தமிழ் டீச்சர்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று இழுத்தாள். "இதுல பராக்குன்னா அது இல்லக்கா. செபம் பண்றப்போ மனசு வேற எங்கேயாவது ஓடுமே, அது. 'பராக்குப் பாக்காதே'ன்னு பசங்ககிட்ட சொல்றோமில்ல?"

எங்கள் வீட்டில் 'வேடிக்கை பார்க்காதே' என்றுதான் சொல்வோம். எலிசபெத்தின் முகம் வாடியது. எனக்குப் பகீரென்றது. மறுபடியும் அந்த ஊமை உதட்டோடு வாழ வேண்டுமா என்று சௌம்யாமேல் கெட்ட கோபம் வந்தது.

எலிசபெத் புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்து, அந்த வரியை முதலிலிருந்து எழுத்துக் கூட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மனசு ஓடறதுன்னா... எனக்கு கேப் வருதே, அதுவா?"

"அதேதான்கா."

"அப்போ இந்தச் சாமியாருக்கும் வந்திருக்கு!" வீடு அதிரக் கத்தினாள். "வராமலா 'கலங்காதே'ன்னு எழுதுவாரு? ஏங்க, அவரு காலத்துல கேப் ஏது? மாட்டுவண்டி வந்திருக்கும்! அதை வச்சிக்கிட்டே அவரும் முட்டி போட்டிருக்காரு பாருங்க!" சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இத்தனை நாளா நான் ஒருத்திதான் இப்படின்னு நினைச்சிட்டேனே!"

என்றோ செத்துப்போன, பேர்கூடத் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. நான் எத்தனை ஆறுதல் சொல்லியும் ஆகாததை அவர் நாலு வரியில் முடித்துவிட்டாரே. அதன்பிறகு கூட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் மாட்டுவண்டியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சௌம்யாவுக்குத் திருத்த வேண்டிய பரீட்சைத் தாளாம்.

கடைசி செபத்துக்கு எல்லோரும் முட்டி போட்டோம். பாதியில் எலிசபெத்தின் ஃபோன் அலறியது. லீவு நாள் என்றும் பாராமல் ரவிக்குமார்!

கண்ணைத் திறக்காமலே அவள், "பஹுபராக்!" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காபி கலக்கப் போகிறேன் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பாதியில் நழுவுகிற நானும் இருந்த இடத்திலேயே இருந்தேன்.