அழுகிற மீனுக்கு ஒரு வலை

மூங்கில் பட்டையின் மேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, முந்தைய கண்ணிக்குள் ஊசியை விட்டு வாங்கி, முடிச்சை இறுக்குகின்றன அந்தக் கைகள். இறுக்கியதைக் கட்டைவிரல் நகம் ஒருதரம் தள்ளிப் பார்க்கிறது. நகர்ந்தால் பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. வெள்ளைப் பருத்தி நூல். வழக்கமாக வலைக்கு ஏற்றுகிற பனிச்சங்காய்ச் சாயம் இதற்கு ஏறவில்லை. அகலம் ஒரு முழம், நீளம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கடலில் இறக்கினால் பத்து மத்தி அகப்பட்டால் அதிகம்.

"இது எந்த மீனுக்குண்ணே?" பட்டினச்சேரி மணலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்காமல் போவதில்லை.

"அழுவுற மீனுக்கு" என்பார் கோவிந்தராசு, தலை நிமிராமல்.

வயது நாற்பதை ஒட்டி. கட்டுமரத்தில் போய்வந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வலையோடுதான். ஊரில் மற்றவர்கள் கண்ணியை விரலை வைத்து அளந்து கட்டிக்கொண்டு போவார்கள். அவருக்கு ஒவ்வொரு கண்ணிக்கும் அளவுப் பட்டை வேண்டும். "எதுக்குய்யா இந்த வம்பு, நூறு வலை கட்டுன கைதானே?" என்று கேலி செய்தவர்களுக்கு அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "பழகுன கண்ணு ஏமாத்திப்புடும். பட்டை ஏமாத்தாது."

கேலி செய்தவர்களில் அவர் மனைவி பங்கஜமும் உண்டு. அந்தப் பதில் ஒருநாள் தன் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், திருமலைராயன்பட்டினத்துத் தாய்சேய் நிலையத்திலிருந்து நர்ஸ் நீலாயதாட்சி வாரம் ஒருமுறை பட்டினச்சேரிக்கு வரத் தொடங்கினார். பூவரச மரக்கிளையில் ஒரு கொக்கித் தராசு தொங்கும். அதன் அடியில் இரும்புத் தட்டு. குழந்தைகளை அதில் கிடத்தி எடை பார்க்க வேண்டும். தாய்மார்கள் எளிதில் வரவில்லை. ஏலத்துக்கு வந்த வாளை மீனா எங்கள் பிள்ளை என்று கேட்டார்கள். தட்டின் சில்லிப்பு முதுகில் பட்டதும் வீறிட்ட முதல் குழந்தையோடு அந்த முயற்சி நின்றுபோயிற்று.

நர்ஸுக்கு மனசில் உறுத்தியது பங்கஜத்தின் மகள் அலமேலு. எட்டு மாதக் குழந்தை. தெருவே மெச்சுகிற சமத்து. தூளியில் போட்டால் போட்டபடி கிடக்கும், பசி என்று அழாது. பங்கஜத்துக்கு அதில் ஏகப் பெருமை. குழந்தை கொஞ்சம் சோர்ந்தாற்போல இருக்கிறது என்று நர்ஸ் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எம் புள்ள தங்கம். தங்கத்தைப் போயி தராசுல போடச் சொல்றீங்களா?"

தங்கத்தைத்தான் தராசில் போடுவார்கள் என்று சொல்ல நீலாயதாட்சிக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். பக்கத்தில் வலை கட்டிக்கொண்டிருந்த கோவிந்தராசிடம் பொறுமையாக விளக்கினார். பல தேசத்து டாக்டர்கள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்த்துக் கண்டது இது: தினமும் தூக்குகிற தாய்க்குப் பிள்ளை வளராதது தெரியாது. காய்ச்சல் வருமுன்னே, கன்னம் வற்றுமுன்னே எடை நின்றுவிடும்; அதைத் தராசுதான் முதலில் காட்டும்.

கோவிந்தராசின் கை நின்றது. பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தட்டுதானே புள்ளைக்கு ஆவல? தட்டு இல்லாம பாத்தா?" என்றார்.

தட்டுக்குப் பதிலாக அவர் முதலில் கட்டிய வலை சரியாக அமையவில்லை. இரண்டு முனையையும் ஒரே வளையத்தில் சேர்த்துக் கட்டியிருந்தார். அலமேலுவைக் கிடத்தியதும் உடம்பு மடிந்து மோவாய் நெஞ்சில் முட்டியது. அப்படியே வாரி எடுத்தவர், வலையைப் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டில் தொங்கிய சேலைத் தூளியின் முன்னால் போய் நின்றார். அது மூடிக்கொள்ளாமலிருக்கக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்திருந்தாள் பங்கஜம். அடுத்த வலைக்குத் தலைமாட்டில் அதேபோல ஒரு குச்சி. கால்விரல் நுழையாத சின்னக் கண்ணி. ஓரத்தில் பழஞ்சேலைத் துணி. தூளியைப் போலவே இருந்ததால் குழந்தை அழவில்லை. பங்கஜம் ஒரு நிபந்தனை போட்டாள்: எடையை ஏலக்காரன் மாதிரி கூவக்கூடாது, கண் பட்டுவிடும். நீலாயதாட்சி காதோடு சொல்ல ஒப்புக்கொண்டார். உப்புக்காற்றில் நூல் ஈரம் குடிக்கும் என்று ஒவ்வொரு முறையும் வெறும் வலையையும் அவர் நிறுத்துக் கழித்துக்கொண்டதைப் பார்த்துக் கோவிந்தராசுக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டாயிற்று.

முதல் தடவை தராசு முள் ஓர் எண்ணில் நின்றது. அடுத்த மாதமும் அங்கேதான். காதில் விழுந்த எண்ணைக் கேட்டுப் பங்கஜம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

சமத்தில்லை, அழத் தெம்பில்லை என்றார் நர்ஸ். இந்த வயதில் தாய்ப்பால் மட்டும் போதாது. கேழ்வரகுக் கூழும், சோற்றோடு மசித்த மீனும் கொடுக்க வேண்டும்.

"பல்லு மொளைக்காத புள்ளைக்கு மீனுங்களா? முள்ளு சிக்கிக்கிட்டா?"

"முள்ள நான் பாத்துக்கிறேன், நீ சோத்தை மசி" என்றார் கோவிந்தராசு.

அன்றிலிருந்து அவித்த கிழங்கான் மீனை அவர்தான் உதிர்ப்பார். ஒவ்வொரு துணுக்கையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்ப்பார். முடிச்சைத் தள்ளிப் பார்க்கிற அதே கட்டைவிரல். முதலில் துப்பிய குழந்தை, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிற்று. வாயை மூடிக்கொண்டால் திணிக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் திணிக்கவில்லை. பொறுத்திருந்து மறுபடி நீட்டினார்.

ஒரு மத்தியானம் கரையில் கட்டுமரத்தை ஏற்றிக்கொண்டிருந்தவரைத் தேடிப் பங்கஜம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். என்னவோ ஏதோ என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏங்க, சோறு ஆற நேரமாச்சுன்னு நம்ம புள்ள கத்துதுங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்குது, வந்து பாருங்க."

பாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அந்த மாதம் தராசு முள் நகர்ந்தது. காதில் சொன்ன எண்ணைப் பங்கஜமே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரங்களில் பூவரச மரத்தடியில் இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

இப்போது கட்டுகிற வலை சுரக்குடிக்கு. வயல்காட்டு ஊர், வலையில் பிள்ளையைப் போடுவதா என்று அங்கே கேட்பார்களாம். வாங்கிப்போக வந்து நிற்கிறார் நீலாயதாட்சி. கடைசி முடிச்சும் விழுந்தாயிற்று. நர்ஸ் கையை நீட்டுகிறார். கோவிந்தராசு கொடுக்கவில்லை, வலையைக் கிளையில் மாட்டுகிறார். கோழியைத் துரத்திக்கொண்டு திரிகிற அலமேலுவைப் பிடித்து வந்து அதில் உட்காரவைக்கிறார். வலை கொள்ளாமல் கால் இரண்டும் வெளியே உதைக்கின்றன. கிளை தாழ்கிறது. விடச்சொல்லி அவள் போடுகிற கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறக்கின்றன.

ஒவ்வொரு முடிச்சாக மேலிருந்து கீழே பார்த்து முடிக்கிறார். பிறகு மகளை இறக்கிவிட்டு, அவள் உடம்புச்சூடு இன்னும் ஆறாத வலையை நான்காக மடித்து நர்ஸின் கையில் வைக்கிறார்.