காலி நாற்காலியின் வாக்குமூலம்

2009 நவம்பர் 12, வியாழக்கிழமை. அன்று ஒருவர் அளித்த வாக்குமூலத்தை என் கண்முன்னே பதிவிலிருந்து நீக்கினார்கள். இதுவே என் முறையீடு. நடந்தது உண்மை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், வேறெதையும் மாற்றவில்லை.

பள்ளியில் மொழிப்பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஜப்பானில் அடைக்கலம் மறுக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களை மறுபடியும் விசாரிக்கும் குழுவில், மூவருள் ஒருவனாக என்னை அமர்த்தினார்கள். துறைமுகத்தை ஒட்டிய கட்டடம். நான்காம் மாடி.

அன்று எங்கள்முன் வந்தவன் வான் பியாக். பர்மாவின் சின் மலைநாட்டவன். படையினர் தன் தம்பியைக் கொன்றுவிட்டார்கள், தன்னையும் தேடுகிறார்கள் என்றான். இம்முறையும் மறுத்தால் அவனை விமானம் ஏற்றிவிடுவார்கள். போய் இறங்கினால் சாவு.

முதலில் மறுத்தபோது இப்படி எழுதியிருந்தார்கள்: "சாட்சி இல்லை. விடையளிக்குமுன் ஒவ்வொரு முறையும் இடப்புறம் பார்ப்பதால், நம்பத்தக்கதாகக் கருதப்படவில்லை." கருதாதவர் யார்? எழுவாயே இல்லாத வாக்கியத்தால் ஒரு மனிதனை மறுத்திருந்தார்கள். சிவப்பு மையால் சுழித்தேன்.

குழுத் தலைவர் ஒனோதெரா சிரித்தார். "என்ன வாத்தியாரே, இங்கயும் மார்க் போட வந்துட்டீங்களா?"

"போடணும்னா முட்டைதாங்க போடணும்."

மூன்றாமவரான கிசனுகி அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார்.

முந்தைய மொழிபெயர்ப்பாளரை, சொல்லாததையெல்லாம் சேர்க்கிறார் என்று விலக்கியிருந்தார்கள். அவருக்குப் பதிலாக வந்தவள் சுய் தியால். அவளும் சின் இனத்தவள். வான் பியாக்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பிற்பகல் 2.10. வான் பியாக்கின் இடப்புறம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"பையை அதுல வச்சுக்கம்மா," என்றார் ஒனோதெரா.

சுய் தியால் அந்த நாற்காலியைப் பார்த்தாள். அதை நோக்கி இலேசாகத் தலைவணங்கினாள். பையைத் தரையில் வைத்தாள்.

கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி இறந்தது எப்படி என்று கேட்டோம். வான் பியாக் இடப்புறம் பார்த்தான். இரண்டே சொற்கள் சொன்னான். சுய் தியாலோ நிறுத்தாமல் பேசினாள்.

"என்னைச் சர்ச்சுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போனாங்க. அண்ணன் எங்கேன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலை. அடிச்சாங்க. மறுபடியும் கேட்டாங்க. நான் பதில் சொல்லலை..."

டக். டக். ஒனோதெரா மேசையைத் தட்டினார்.

"நிறுத்தும்மா. அவன் ரெண்டு வார்த்தைதானே பேசினான்? நீயா கதை கட்டுறியா?"

"கேக்குறதைத்தாங்க சொல்றேன்." அவள் நெற்றி வியர்த்திருந்தது. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா, நான் யாரைன்னு கவனிக்கிறது?"

ஒனோதெரா பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த... ரெண்டு பேரு?"

சுய் தியால் திரும்பி நாற்காலியைச் சுட்டினாள். விரல் பாதியில் நின்றது.

"இப்பதானே... இங்க..."

க்ரீச்...

நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது.

யாரோ எழுந்தது போல.



ஒனோதெராதான் முதலில் பேசினார். "அவன் வாயால சொன்னது மட்டும் பதிவுல இருக்கட்டும். மத்ததை எடுத்துடுங்க."

"முழுசாவா?" என்றார் பதிவு எழுதிக்கொண்டிருந்த எழுத்தர்.

"முழுசா."

தாழ்வாரத்தில் வான் பியாக்கைக் காவலர் அழைத்துச் செல்லும்போது, நான் குறுக்கே நின்றேன். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று சுய் தியாலைக் கேட்டேன்.

"கரகரன்னு இருந்துச்சுங்க. சின்ன வயசுக் குரல்."

"அவன் தம்பி குரல் அப்படித்தான் இருக்குமான்னு கேளும்மா."

கேட்டாள். வான் பியாக் வெகுநேரம் அவளையே பார்த்தான். பிறகு, மெதுவாகத் தன் இடப்புறம் பார்த்தான். ஏதோ சொன்னான்.

அவள் மொழிபெயர்க்கவில்லை.

"என்னம்மா சொல்றான்?"

"இவர் தம்பி... பிறவியிலேயே ஊமையாம். எப்பவும் இவர் இடது பக்கம்தான் உட்காருவாராம். அவர் கையாலே காட்டுறதைப் பார்த்துப் பார்த்து, இவர்தான் அவருக்காகப் பேசுவாராம்."

படையினர் கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். கிசனுகி அம்மையார் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒனோதெரா வழக்குக் கோப்பைக் கட்டினார்.

"ஊமை எப்படி வாத்தியாரே சாட்சி சொல்லுவான்?"

இருவர் மறுத்தனர். நான் ஒருவன் ஏற்றேன். "சாட்சி இல்லை" என்ற அதே வாக்கியம் மறுபடியும் எழுதப்பட்டது. இதை எழுதும்வரை வான் பியாக்கின் விமானத்துக்கு நாள் குறிக்கவில்லை.

வாசகரே, அவர்கள் நீக்கிய வாக்குமூலத்தை ஒரு சொல்லும் குறையாமல் மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். அவன் சொன்னதை நீங்களும் கேட்டுவிட்டீர்கள். இனி எவரேனும் சாட்சி இல்லை என்று சொன்னால், எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள். பேச முடியாதவனே பேசிவிட்டான். உங்களுக்கு வாய் இருக்கிறது.