வெள்ளிக்கிழமை ஜின் சவர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாரில் இருபது வருடம் ஷேக்கர் ஆட்டியவன் நான். ஒரே ஒரு நாள்தான் கலக்கியது தப்பென்று மறுபடி கலக்கினேன். அதுவும் பட்டப்பகலில், மூன்று மணிக்கு.

கடை திறந்த கையோடு ஓர் அம்மா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. காலி ஸ்டூலைக் காட்டி, "அண்ணே, ஒரு ஜின் சவர். எனக்கில்ல, செத்துப்போன என் தம்பிக்கு. இன்னிக்கு ஒரு வருஷத் திதி," என்றார். கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வந்திருக்கிறார். தம்பி இவரோடு சண்டை போட்டு, கடைசிவரை பேசாமலே போய்விட்டானாம்.

"வீட்டுல படையல் போட்டேன், காக்கா கூட தொடல. இங்கதான் குடிப்பான்னு அவன் கூட்டாளி சொன்னாரு. இத எடுத்துக்கிட்டான்னா கோவம் போயிருச்சுன்னு மனசு ஆறும் லா."

ஜின், எலுமிச்சை, சர்க்கரை எல்லாம் சரி, முட்டை வெள்ளைக்கரு இல்லாமல் ஜின் சவருக்கு நுரை ஏது? ஆனால் வெள்ளிக்கிழமை, திருநீறு, திதி. நானாகவே முடிவு செய்து, சைவக்காரர்களுக்கென்று வைத்திருந்த கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை ஊற்றி ஆட்டினேன். அதுவும் நுரைக்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகப்பிரசங்கி!

"செத்தவங்க சாப்பிடறப்போ பாக்கக் கூடாதுண்ணே, திரும்பிக்குங்க," என்றார். இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம். கடையில் வேறு ஆளில்லை. திரும்பினால் நுரை அப்படியே இருந்தது. அந்த அம்மா உடைந்துபோய் அழுதார்.

"இன்னும் மன்னிக்கலண்ணே அவன்."

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஐயோ, என்னண்ணே நீங்க! செத்தவனுக்கே டூப்ளிகேட்டா? அவன் எந்தக் காலத்துல வெள்ளிக்கிழமை பாத்தான்? முட்டைய ஊத்துங்க!"

முதலில் ஐஸ் இல்லாமல் ஆட்டினேன், பிறகு ஐஸ் போட்டு. வடிகட்டி, நுரை மேல் பிட்டர்ஸ் என்ற செந்நிறக் கசப்புச் சாறு மூன்று சொட்டு. மறுபடி சுவர். பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. முதுகு சில்லிட்டது. ஏர்கோனை நான் இன்னும் போடவே இல்லை.

திரும்பினோம். முட்டை நுரை, ஒவ்வொரு மடக்குக்கும் கிளாஸின் உள்ளே ஒரு வளையம் விட்டுப்போகும். எண்ணினேன். இரண்டு. சொட்டு மூன்றும் ஸ்டூல் பக்கமாக இழுபட்டிருந்தன.

"மெதுவா குடிடா," என்றார் அந்த அம்மா, அழுதுகொண்டே சிரித்து.

கேட்காமல் யாருக்கும் எதையும் மாற்றக் கூடாது. அன்று படித்த பாடம் அதுதான். அவர் போனதும் கிளாஸை எடுக்கப் போனேன். பாதி மிச்சம் இருந்தது.

"முடிச்சிட்டீங்களா தம்பி? எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

மூன்றாவது வளையம் மெல்லத் தெரிந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.