கூம்பும் சுண்ணாம்புக் கோடும்

சிதம்பரத்தில் ஒரு பெண் தேர் வீதிகளில் ஓடினால் அவள் பேருந்தைத் தவறவிட்டவளாக இருக்க வேண்டும். இல்லையேல் வேண்டுதல் உடையவளாக இருக்க வேண்டும். மூன்றாவது காரணம் ஒன்று உலகில் உண்டு என்பதை அவ்வூர் ஏற்பதில்லை. முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நாள்தோறும் விடியலில் நான்கு வீதிகளையும் நான் சுற்றிச் சுற்றி ஓடினேன். எதிரே பேருந்து ஏதும் இல்லாமையால், நான் கடவுளிடம் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதாக முடிவாயிற்று. கீழவீதியில் பூக்கட்டும் அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நானும் ஒரு மாசமா பாக்குறேன். தெனம் இந்தச் சுத்து சுத்துற. என்னா வேண்டுதல்? மாப்ளயா, வேலயா?"

"நாற்பது விநாடி குறைய வேண்டும் அம்மா."

"எதுல கொறையணும்?"

"பத்துக் கிலோமீட்டர் ஓடுவதில்."

"அதுக்கு ஏன் சாமியச் சுத்துற? ரெண்டு இட்லி சேத்துச் சாப்புட்டுட்டு ஓடு."

அந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளுள் பொருளுடையது இது ஒன்றே. பத்துக் கிலோமீட்டரை ஐம்பது நிமிடம் நாற்பது விநாடியில் நான் ஓடியிருந்தேன். ஐம்பது நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பரிசு கிடையாது. முதலில் வருகிறவர்கள் எனக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பார்கள். ஆயினும் உறங்கும்போதும் ஆய்வேட்டுக்குக் குறிப்பெடுக்கும்போதும் அந்த நாற்பது விநாடி என்னை விடவில்லை.

கடலூரில் ஒரு சங்கத்தார் ஆண்டுக்கொருமுறை ஓட்டப் பந்தயம் நடத்துவார்கள். என் தாய்மாமன் அதன் செயலாளர். ஓடுபாதையை எப்படி அளக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"என் வண்டி மீட்டர்லதான். இது வரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல."

அவர் வண்டியின் மீட்டர், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் நாற்பது காட்டும். சாலைப் பணி ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து அளவுச் சக்கரத்தை அவரையே இரவல் வாங்கச் செய்தேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமையன்று, கடற்கரையிலிருந்து அதை உருட்டிக்கொண்டு நான் நடந்தேன். மாமா குடைபிடித்துப் பின்னே வந்தார். ஐந்து கிலோமீட்டர் ஒரு மூடிய மரவாடியின் வாசலில் நிறைவுற்றது. அங்கே சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் தடித்த கோடு போட்டேன். அந்தக் கோட்டில் திரும்பி மீண்டும் கடற்கரைக்கு வந்தால் பத்து. என் கையால் அளந்த பத்து.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடக்கம் என்று அறிவித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு மேல் வந்தார். மகிழுந்து நின்ற இடத்திலிருந்து மேடை இருபதடி தொலைவில் இருந்தமையால், மகிழுந்தை மேடையருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறகு பொன்னாடைகள். கடற்கரை வெயிலில் ஒருவர்மீது ஏழு சால்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துவது எந்த நாட்டில் மரியாதை என்று நான் அறியேன். நம் நாட்டில் அது தண்டனையும் ஆகாமல் மரியாதையும் ஆகாமல் வழக்கமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றே களைத்திருந்த எங்களைப் பார்த்து அவர், உட்கார்ந்தே இருப்பது உடலுக்குக் கேடு என்று பேசினார். நிழற்படக்காரர் கேட்டுக்கொண்டபடி கொடியை மூன்று முறை அசைத்தார். முதல் இரண்டு அசைவுகளை நம்பி ஓடிவிட்டவர்களைத் தொண்டர்கள் துரத்திப் பிடித்து அழைத்து வந்தார்கள். அன்றைய நாளின் மிக விரைவான ஓட்டம் அதுவே.

மூன்றாம் அசைவில் என் கடிகாரத்தை அழுத்தினேன். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம். அதில் ஓரிரு விநாடி மிச்சம் பிடிக்க வேண்டும். கைப்பேசியில் தன்னையே படம்பிடித்தவாறு ஓடிய ஒருவரை இரண்டாம் கிலோமீட்டரில் கடந்தேன். நான்காம் கிலோமீட்டரில் எட்டு விநாடி கையிருப்பு. கால்கள் என் சொல்லைக் கேட்டன. அப்படி ஒரு காலை அடிக்கடி வாய்ப்பதில்லை.

அப்போது, மரவாடிக்கு வெகுமுன்பாகவே, சாலை நடுவில் ஒரு செம்மஞ்சள் கூம்பைக் கண்டேன். அதன் பின்னே தண்ணீர்ப் பந்தல். பந்தலைவிடப் பெரியதாக அதன்மேல் ஒரு பதாகை. பதாகையில், வீட்டுமனை விற்கும் ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பும் ஒவ்வொருவரையும் பதாகையோடு சேர்த்து எடுக்க மற்றொரு நிழற்படக்காரர் மண்டியிட்டிருந்தார். ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நடுவயதுத் தொண்டர் கூவினார்:

"திரும்பு, திரும்பு! இங்கயேதான்!"

கூம்புக்கு அப்பால், ஏறத்தாழ இருநூறு மீட்டர் தொலைவில், என் கோடு வெள்ளையாகத் தெரிந்தது. அதை மிதிக்க ஒருவரும் இல்லை.

நான் நின்றேன். "இது ஐந்தாம் கிலோமீட்டர் இல்லை ஐயா, முறையாக அளந்து போட்ட கோடு அதோ அந்த மரவாடி வாசலில் இருக்கிறது" என்றேன்.

"அதெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. தண்ணி குடுக்குறவரு பேனரு போட்டோவுல வுழுவணும்ல? எல்லாரும் இங்கதான் திரும்புறாங்க. நீயும் திரும்பு."

நான் திரும்பவில்லை. கோட்டை நோக்கி ஓடினேன்.

"ஏம்மா! எங்க போற? யோவ், இந்தப் பொண்ணு அப்புடியே வூட்டுக்குப் போவுதுய்யா!"

பந்தல் முழுதும் சிரித்தது. கோட்டை மிதித்துத் திரும்பி வந்தபோது, தன்னைத் தானே படம்பிடித்த அந்த மனிதர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவரை இரண்டாம் முறையும் கடந்தேன். கடைசி இரண்டு கிலோமீட்டரில் நான் ஓடியதுபோல் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. முடிவுக் கோட்டில் கடிகாரத்தை அழுத்திவிட்டு மணலில் அமர்ந்துதான் அதைப் பார்த்தேன்.

ஐம்பது நிமிடம் மூன்று விநாடி.

மாமா சான்றிதழ்க் கட்டோடு ஒரு மேசையில் இருந்தார். ஓடியவர் வாயால் சொல்லும் நேரத்தை அவர் பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் நேரக்கணக்கு முழுவதும் அவ்வளவே.

"என்னா பாப்பா இவ்ளோ நேரம்? நாப்பத்தெட்டுல வந்து நிப்பன்னு பாத்தேன்."

"கூம்பை யார் மாற்றியது மாமா?"

"நான்தான். மரவாடிகிட்ட நெழலே இல்ல, பந்தல் போட முடியலன்னாரு தண்ணி குடுக்குறவரு. பந்தல் ஒரு எடம், திரும்புற எடம் வேறன்னா அவுரு மனசு என்னா பாடுபடும்? யாரு அளந்து பாக்கப் போறா?"

"நாம் அளந்தோமே. குடைபிடித்து வந்தீர்களே."

அவர் அடுத்த சான்றிதழை எடுத்து வைத்தார். "சரி வுடு. எவ்ளோ வந்த?" சொன்னேன். "மூணு விநாடிதான? பட்டனு அமுக்குறதுல லேட்டாயிருக்கும். நாப்பத்தொம்போது அம்பத்தொம்போதுன்னு போட்டுடுறேன்."

பேனாவை வாங்கி ஐம்பது நிமிடம் மூன்று விநாடி என்று நானே எழுதினேன்.

"நம்ம வம்சத்துல அரிச்சந்திரன் யாரும் கெடையாதே. நீ யாருகிட்ட கத்துக்கின?" என்றார் மாமா.

சிதம்பரம் திரும்பும் பேருந்தில் முன்னிருக்கையில் இரண்டு ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். இருவருக்கும் அன்று வாழ்நாளின் சிறந்த நேரம் வாய்த்திருந்தது. பதாகையின் கீழ் எடுத்த படங்களை ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் சாலையே அவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்ததை அவர்கள் அறியார், சொன்னாலும் நம்பார். அவர்களையும் மாமாவையும் மனை விற்பவரையும் ஏழு சால்வைகளையும் பரங்கிப்பேட்டைச் சாலை வரை மனத்துக்குள் வைது தீர்த்தேன். வைவதற்கு ஆள் தீர்ந்துபோன பிறகுதான், அந்த மூன்று விநாடி எங்கே போயிற்று என்று எண்ணினேன்.

விடுதி அறைக்கு வந்ததும் கடிகாரத்தை அழுத்திவிட்டு, தொண்டரிடம் சொன்ன வாக்கியத்தை அதே வேகத்தில் சொல்லிப் பார்த்தேன். ஆறு விநாடி. அவருடைய மறுமொழியை நின்று கேட்டது தனி. கோடு எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த மனிதருக்குத் தெரிந்து ஆகக்கூடியது ஒன்றுமில்லை. 'முறையாக' என்ற சொல்லை அந்த மூச்சிரைப்பிலும் நான் விடவில்லை. ஓராண்டு உழைப்பை ஒருவரைத் திருத்துவதில் செலவழித்திருந்தேன், அவரும் திருந்தவில்லை.

மறுநாள் காலை கீழவீதியில் பூக்கட்டும் அம்மாள் தொலைவிலேயே என்னைப் பார்த்துவிட்டாள்.

"கொறஞ்சிதா?"

"முப்பத்தேழு குறைந்தது. மூன்று நிற்கிறது."

"சாமி ஜாஸ்தி ஒண்ணும் பாக்கி வெக்கலியே!"

"சாமி வைக்கவில்லை அம்மா. நடுவழியில் நின்று பேசினேன்."

"யாருகிட்ட? எதுக்கு?"

சொல்வதற்கு வாயெடுத்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு தெற்குவீதிக்குத் திரும்பினேன்.